மணல் விட்ட வழி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் வலப்பக்கம் கடல் கூடவே வரும். கால் நனைக்கத்தான் இடம் இருக்காது. நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய 1870-களுக்கு முன் இந்தக் கரையில் கப்பல் அணையத் துறையே கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரையேற வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும். வருகிறவர் கவர்னரே ஆனாலும் அலை பார்த்துப் படகுக்காரர் துடுப்புப் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1971 வங்கதேசப் போர் என்றாலே இந்தப் படகுக்காரர்கள் என் நினைவுக்கு வருவார்கள். போருக்கு முந்தைய மாதங்களில் இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், கொதிகலனில் விரிசலோடு, மெட்ராஸ் பக்கம் இருந்தது. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. அதற்குள் விக்ராந்த் அந்தமானுக்குப் போய்விட்டது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. மறுநாளே விக்ராந்தின் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரில் குண்டு போட்டன.

அதே காக்ஸ் பஜார் பக்கம் டிசம்பர் நடுவில் இந்தியப் படையின் கூர்க்கா வீரர்களைக் கடல் வழியே இறக்கப் பார்த்தார்கள். பாகிஸ்தான் படை பர்மாவுக்குத் தப்பிவிடக் கூடாது என்பது திட்டம். கரியால், குல்தார் என்ற தரையிறக்கக் கப்பல்கள் போயின. கரைக்கு முன்னாலேயே மணல்திட்டு தட்டியது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆள் மூழ்கும் ஆழம். முதுகில் சுமையோடு குதித்தவர்களில் சிலர் கரை சேரவில்லை. எதிர்த்துச் சுட அங்கே எதிரியும் இல்லை. மிச்சப் பேரை இறக்க உள்ளூர்ப் படகுகள் வேண்டியிருந்தன. அந்தக் கடலோரத்து மீனவர் ஒருவரை முன்பே கேட்டிருந்தால் திட்டு எங்கே இருக்கிறதென்று சொல்லியிருப்பார்.

வடசென்னையில் மணல் வேறு விதமாக விளையாடியது. இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் அரித்தது. குப்பங்களில் வீடுகள் போயின, தெருக்களே போயின. பட்டினத்தார் சமாதி இருக்கும் திருவொற்றியூர்க் கரையிலும் இப்போது கல்தான். அதுவும் போதாமல், கடலுக்குள் நீட்டிக் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டுகிறார்கள்.

எண்ணூரில் கதை தலைகீழ். அங்கே முகத்துவாரத்தை மணல் மூடுகிறது, கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. சற்று வடக்கே, 2001-ல் திறந்த காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் நேராக வந்து அணைகின்றன. முகத்துவாரத்தில் மீனவர்கள் தண்ணீருக்குள் இறங்கி, திட்டு இன்று எங்கே நகர்ந்திருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துப் படகைத் தள்ளுகிறார்கள்.