விடை தெரியாத கேள்விக்கு ஒரு மணித்தியாலம்

கணினிக் கேத்திரகணிதத்துக்கென்று 1985 முதல் வருடாவருடம் ஒரு சர்வதேச மாநாடு நடக்கிறது. நிறுவி முடித்த ஆய்வுகள்தான் அங்கே மேடையேறும். அரைகுறை யோசனைகளுக்கு இடம், அதே வாரம் பக்கத்தில் நடக்கிற பட்டறைகள். அப்படியொன்றை ஒழுங்குசெய்யிற வேலையில் நாங்களும் நின்றோம்.

மண்டபம், புரொஜெக்டர், தேத்தண்ணி எல்லாம் லேசு. நேரத்தைப் பிரிக்கிறதுதான் கஷ்டம். இரண்டு உரைகளைக் குறைத்து, விடை தெரியாத கேள்விகளுக்கென்று ஒரு மணித்தியாலம் விட்டோம். “பேச்சாளரே இல்லாமல் என்னத்துக்கு?” என்றார்கள்.

1973இல் விக்டர் கிளீயும் ஒரு கேள்விதான் கேட்டார்: ஓவியக்கூடம் ஒன்றை முழுதாகப் பார்க்க எத்தனை காவலாளிகள் வேணும்? 1975இல் ஹ்வாட்டால் நிறுவினார்: மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மீதியை விட்டால் வருகிற அளவு எப்போதும் போதும். 12 மூலைக்கு 4 பேர்.

விசாவுக்கும் விமானத்துக்கும் வழியில்லாமல் இணையத்தில் சேர்ந்த எங்கட நாட்டுப் பிள்ளைகள் முதலில் வாயே திறக்கேல்லை. எங்கட வகுப்புகளில் கேள்வி கேட்டால், “இதுகூட விளங்கேல்லையோ?” என்றுதானே பார்ப்பார்கள்.

கடைசியில் ஒருத்தி கேட்டா: “காவலாளி ஒரு நேர்கோட்டில நடந்து திரிஞ்சா?”

1983இல் ஓரூர்க் விடை கண்ட கேள்வி அது. நடந்தால் 12 மூலைக்கு 3 பேர் போதும். அவ அதை எங்கேயும் படிச்சிருக்கேல்லை. தானாகவே அந்த இடத்துக்கு வந்திருந்தா.

அடுத்தமுறை இரண்டு மணித்தியாலம் கேட்கப்போறம்.