பால்மாப் பேணிக்குள் அறுபத்து மூன்று காசுகள்

பழைய காசு என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எவ்வளவுக்குப் போகும்?” அது எந்த நாட்டுக் காசு, எந்த வருஷத்தது, என்ன உலோகம் என்று யாரும் கேட்பதில்லை. சோதனை எழுதாமலே பெறுபேறு கேட்பது மாதிரி.

கடந்த வருஷம் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி விளையாட்டாக எழவில்லை. மாவடிப்பள்ளியில் வயலும் வீடும் பக்கத்தில் பக்கத்தில்தான். வெள்ளம் வடிந்த பிறகு அடுப்படிக் கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் உம்மும்மா அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பால்மாப் பேணியை எடுத்துக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். பழைய இரும்பு, பித்தளை வாங்க வரும் ஒருவர் அவற்றைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் சேத்து ஆயிரத்தைஞ்நூறு தாறன் உம்மா” என்றார். மாமாவோ, “குடுக்க வேணாம், போன்ல பார்த்தன், ஒரு காசே லட்சத்துக்குப் போகுதாம்” என்றார். ஆயிரத்தைந்நூறுக்கும் லட்சத்துக்கும் இடையில் உம்மா என் முகத்தைப் பார்த்தார். “நீதானே சரித்திரம் படிக்கிற. நீ பார்த்துச் சொல்லு புள்ள.”

அப்படித்தான் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு கிழமை எடுத்தேன். ஒரு கொப்பி, ஒரு பூதக்கண்ணாடி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, தம்பியின் போனில் நாணயப் பட்டியல் ஒன்று. இவ்வளவும்தான் என் ஆயுதங்கள்.

முதலில் எழுத்தைப் பார்த்துப் பிரித்தேன். இதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்த எங்களுக்கு ஒரு வசதி உண்டு. வளைகுடாக் காசுகளைக் கண்டால் மற்றவர்கள் திகைப்பார்கள். நமக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். இலக்கங்களில் மட்டும் கவனம் வேண்டும். அரபு இலக்கத்தில் பூச்சியம் ஒரு புள்ளி, ஐந்துதான் வட்டம். ஆறு நம்முடைய ஏழைப் போல இருக்கும். ஏழும் எட்டும் ஒன்றையொன்று தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். காசைத் தலைகீழாகப் பிடித்தால் வருஷமே மாறிவிடும்.

பிறகு ஹிஜ்ரி வருஷத்தை மாற்ற வேண்டும். சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் அளவில் குறைவு. அதனால் ஹிஜ்ரி எண்ணில் நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து, 622ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில வருஷம் வந்துவிடும்.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டு வழக்கொன்றைத் தீர்த்தது. பேணிக்குள் பச்சைப் பட்டுத் துணியில் முடிந்த ஒரு காசு தனியாக இருந்தது. உம்மும்மாவின் வாப்பா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஏதோ ஓதலின் வாசகம் எழுதியிருப்பதாக நினைத்து, வுழூ இல்லாமல் அவர் அதைத் தொடுவதே இல்லை. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். மன்னர் பைசலின் பெயர், சவூதி அரேபிய இராச்சியத்தின் பெயர், பத்து ஹலலா என்ற பெறுமதி, 1392 என்ற வருஷம். கணக்குப் போட்டால் 1972. உம்மும்மா தன் கலியாணத்துக்கு முன்னமே வாப்பா ஹஜ்ஜுக்குப் போனதாக எப்போதும் சொல்வார். அவருடைய விவாகப் பதிவோ 1969. அந்தக் காசு அந்தப் பயணத்தில்தான் வந்தது என்றால், பயணம் 1972க்கு முந்தியதாக இருக்க முடியாது. அகழ்வில் கிடைக்கும் காசை வைத்து அந்த மண்படையின் காலத்தைச் சொல்வதும் இதே முறையில்தான். “அப்ப எனக்குக் கலியாணம் முடிஞ்சிருந்திருக்கும்,” என்று உம்மும்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். காசைத் திரும்பவும் பட்டில்தான் முடிந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மொத்தம் 63 காசுகளில் 38 இலங்கைச் சதங்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் ஒரு மரம். அதைப் பனை என்பாரும் உண்டு, தாளிப்பனை என்பாரும் உண்டு. மரத்தின் இரு புறமும் சிங்களமும் தமிழும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பொருளை எடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் என் மொழியிலேயே வாசிக்க முடிந்தது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் கொடுத்த சிங்கப்பூர்க் காசுகள் இரண்டிலும் தமிழ் இருந்தது. உலகத்தில் எத்தனையோ நாட்டுக் காசு இருக்கலாம், தமிழ் எழுத்துள்ளவை மிகச் சிலவே.

எழுத்துக்கு அடுத்தது உலோகம். கல்முனையில் ஒரு நகைக்கடையில் கெஞ்சித் தராசில் வைத்துப் பார்த்தோம். 1914ஆம் ஆண்டு ஐம்பது சதமும் 1921ஆம் ஆண்டு ஐம்பது சதமும் ஒரே நிறை, 5.83 கிராம். இரண்டும் வெள்ளைதான். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார். ஆனால் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1919இல், இலங்கை வெள்ளிக் காசில் வெள்ளியின் பங்கை ஆயிரத்துக்கு 800இலிருந்து 550ஆகக் குறைத்துவிட்டார்கள். 1914இல் இருப்பது நாலரைக் கிராமுக்கு மேல் வெள்ளி, 1921இல் மூன்று கிராம் சொச்சம். வருஷத்தை வாசிக்கத் தெரிந்திருந்தபடியால் அதைக் கேட்டு வாதாட முடிந்தது. 1943 வந்ததும் ஐம்பது சதத்தில் வெள்ளியே இல்லை, நிக்கல் கலந்த பித்தளை. ஒரு நாட்டின் கஷ்டம் காசின் நிறத்தில் வந்துவிடுகிறது.

பேணியின் இராசாக்கள் இரண்டு இந்திய வெள்ளி ரூபாக்கள். இரண்டிலும் 1862. ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வருஷத்தைக் கண்டதும் மாமா கண்ணை விரித்தார். 1862 என்று பொறித்த ரூபாவை 1862இல் மட்டும் அடிக்கவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1874 வரை அதே வருஷத்தைப் போட்டே அச்சடித்துக் கொண்டிருந்தார்கள். அதனால் அவை கோடிக்கணக்கில் உண்டு. பழையது வேறு, அரியது வேறு. ஆயிரத்து அறுநூறு வருஷத்து ரோமச் சிறு செப்புக்காசு இலங்கை மண்ணிலேயே குவியலாகக் கிடைத்திருக்கிறது. நூறு வயது கூட ஆகாத அமெரிக்க இருபது டொலர்த் தங்கக்காசு ஒன்று 2021இல் 1 கோடி 89 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. 1933இல் நாலரை லட்சம் அளவில் அடித்தும், வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தனியார் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது அந்த ஒன்றுதான். மாமா போனில் பார்த்த லட்சக் கதைகளுக்கெல்லாம் இப்படி ஓர் உண்மைக் கதையின் வால் ஒட்டியிருக்கும். தலை மட்டும் பொய்.

முழுப் பொய்க்கும் பேணியில் ஓர் உதாரணம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் 1818 என்ற வருஷமும் இந்துத் தெய்வ உருவங்களும் உள்ள செப்புக்காசு. பார்க்க அழகானது. கம்பனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் கோயிலுக்குப் போகிறவர்களுக்காகச் செய்து விற்ற வில்லை அது. அதே கம்பனியின் 1835ஆம் ஆண்டுக் கால் அணா ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அது உண்மையானது, ஆனால் மலிவானது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பேணி இருந்தால் தயவுசெய்து பழப்புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உம்மும்மா சட்டியில் புளி கரைத்தே வைத்துவிட்டார். “மினுங்கினாத்தானே விலை போகும்?” என்று அவர் கேட்டது நியாயம்தான், குத்துவிளக்கு விற்கிறவனிடம் அது சரி. காசில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருப்பது அதன் வயதின் தோல். தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைத் தொடவே யோசிப்பார்கள். வெந்நீர்கூட வேண்டாம், மெல்லிய துணி போதும். மண்ணில் தோண்டி எடுத்த காசு என்றால் அது வேறு விஷயம். தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும்.

ஒல்லாந்தக் காசு ஒன்றும் இருந்தது. ‘வி’ என்ற பெரிய ஆங்கில எழுத்தின் இரு கையிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்த முத்திரை. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம். இந்தக் காசின் பெயர் டொய்ட். நாம் சொல்லும் ‘துட்டு’ அதிலிருந்து வந்தது என்பர். பேச்சுக்குள் இப்படி எத்தனை காசுகள் ஒளிந்திருக்கின்றன! கலியாணப் பேச்சில் “எத்தனை பவுண்?” என்று கேட்கிறார்களே, அந்தப் பவுண் இங்கிலாந்தின் தங்கக் காசு. 7.98 கிராம், 22 கரட். அதனால்தான் நகைக்கடையில் ஒரு பவுண் என்றால் எட்டுக் கிராம். காசையே கண்ணால் காணாதவர்கள்கூட அதன் பெயரைச் சொல்லிப் பெண் வீட்டாரிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புக் கோட்டையில் உள்ள மத்திய வங்கியின் நூதனசாலைக்குப் போனபோது நான் லாரினுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். மடித்து வளைத்த வெள்ளிக் கம்பி, தூண்டில் முள் மாதிரி. பாரசீகத்தின் லார் என்ற ஊரால் வந்த பெயர். கண்டி இராச்சியத்தில் அதுதான் பணம். றொபட் நொக்ஸ் தன் நூலில் அதைக் குறிப்பிடுகிறார். கம்பியின் மேல் அரபு எழுத்துகள் நசிந்து கிடந்தன. எழுத்துக் கூட்டப் பார்த்தேன், முடியவில்லை. மாலைதீவில் இன்றைக்கும் ஒரு ருபியாவுக்கு நூறு லாரி. கம்பி போய்விட்டது, பெயர் நிற்கிறது. எங்கள் கடலால் வந்துபோன வியாபாரிகள் மடியில் முடிந்து கொண்டுவந்தது அதைத்தான் என்று நினைத்தபடி நின்றதில் பஸ்ஸுக்குக் கடைசி ஆளாகப் போனேன்.

இனி, எவ்வளவுக்குப் போனது என்ற கேள்விக்கு வருகிறேன். லட்சம் இல்லை. 1862 ரூபாக்களில் ஒன்று துப்புரவானது. மட்டக்களப்பில் காசு சேகரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெள்ளி விலைக்கு மேலே கொஞ்சம் வைத்து அதை வாங்கினார். ஐம்பது சதங்கள் இரண்டும் நகைக்கடைக்குப் போயின, இரண்டு விலையில். எல்லாம் சேர்த்து இரண்டு கூரைத் தகரத்துக்குக் கொஞ்சம் கூட. இரும்பு வாங்குகிறவர் முழுப் பேணிக்கும் சொன்ன விலையைவிட அது பல மடங்கு. மற்ற ரூபாவில் வெள்ளி வளையம் ஒட்டியிருந்தது. ஒட்டிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை, உருக்குகிற விலைதான். அதை முதலில் விற்கலாம் என்று சொன்னேன். உம்மும்மா தரவில்லை. சின்ன வயதில் அது அவர் கழுத்தில் கிடந்ததாம்.

மீதியில் ஏழு, குவைத்தின் நூறு பில்ஸ் காசுகள். ஒரு பக்கம் பாய்க்கப்பல், மறுபக்கம் அரபு எழுத்து. ஹிஜ்ரியும் ஆங்கில வருஷமும் சேர்ந்தே இருப்பதால் கணக்கே தேவையில்லை. ஆயிரம் பில்ஸ் ஒரு தினார். ஒரு தினார் இப்போது ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட வரும் என்றால், இந்த ஏழும் கிட்டத்தட்ட எழுநூறு ரூபா. பேணியில் இன்னமும் ஒரு நாட்டில் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கக்கூடியவை இவையும் மற்ற வளைகுடா, சிங்கப்பூர்க் காசுகளும்தான். ஆனால் நாணய மாற்றுக் கடையில் நோட்டு மட்டும்தான் எடுப்பார்கள், குற்றி எடுக்க மாட்டார்கள். அதைப் போய்க் கேட்டுவிட்டும் வந்தேன்.

உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்த நாலு வருஷத்தில் எனக்கு மூன்று வயதிலிருந்து ஏழு வயது. என் கொப்பியில் அந்த ஏழு காசுக்கும் நேரே ‘விலை’ என்ற நிரலை வெறுமையாக விட்டிருந்தேன். உம்மா அதைப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் டெலிபோன் காட் வாங்கி மிஞ்சின சில்லறை,” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாராம். நான் போனில் பேசாமல் மூச்சு மட்டும் விடுவேனாம்.

அறுபத்து மூன்றாவது காசு இன்னும் அடையாளம் காணப்படவில்லை. செப்பு, 1.9 கிராம், ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துவிட்டது, மறுபக்கம் மாட்டின் முதுகு மாதிரி ஒரு வளைவு. யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசில் நந்தி உண்டு. அதனால் ஆசை வருகிறது. ஆனால் ‘சேது’ என்ற எழுத்து தெரியவில்லை, கொப்பியில் கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன். எங்கள் கல்லூரியில் யாராவது வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், தேய்க்காமல் கொண்டு வாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.