ஓடும் இலக்கு

குறிபார்த்துச் சுடும் போட்டி என்றதும் அசையாத வட்டமொன்றே நம் நினைவுக்கு வரும். ஆனால் ஓடும் இலக்கைச் சுடுவதற்கென்றே தனிப் போட்டி ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மான் உருவத்தை ஓடவிட்டுச் சுட்டார்கள். அதில் தங்கம் வென்ற சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் ஸ்வானுக்கு அப்போது வயது 60. 1920இல் 72 வயதில் அதே வகைக் குழுப் போட்டியில் அவர் வெள்ளியும் வென்றார்.

பின்னாளில் இப்போட்டி 10 மீற்றர் தூரத்திலும் நடத்தப்பட்டது. சுடுபவரின் எதிரே 2 மீற்றர் அகலமான இடைவெளி இருக்கும். இலக்கு அதன் ஒரு பக்கத்தில் தோன்றி மறுபக்கத்தில் மறையும். மெதுவான ஓட்டத்துக்கு 5 செக்கன். வேகமான ஓட்டத்துக்கு 2.5 செக்கன். இலக்குத் தோன்றும்வரை துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தக் கூடாது.

பௌதிகவியலில் சார்பியக்கம் படித்த நாட்களில் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வளித்துப்பாக்கியின் ரவை செக்கனுக்கு 170 மீற்றர் செல்கிறது என்று கொண்டால், 10 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.06 செக்கன் ஆகும். அதற்குள் வேகமாக ஓடும் இலக்கு 5 சென்ரிமீற்றர் அளவுக்கு நகர்ந்துவிடும். இலக்கு இருக்கும் இடத்தைக் குறிபார்த்தால், ரவை அது இருந்த இடத்துக்கே போய்ச் சேரும். ஆகவே சற்று முன்னே குறிபார்க்க வேண்டும். விசையை அழுத்தும்போதும் அதன் பின்னும் கையை நிறுத்தாமல் இலக்கோடு நகர வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஓடும் இலக்கு இருந்தது. ராத்தா உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதியபோது, முந்திய ஆண்டின் மருத்துவபீட வெட்டுப்புள்ளியை வாப்பா ஒரு தாளில் எழுதி அவருடைய மேசைக்கு மேலே ஒட்டிவைத்தார். பெறுபேறு வந்தது. ராத்தாவின் இஸட் புள்ளி அதைச் சற்றே தாண்டியிருந்தது. உம்மா அயல்வீடுகளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே ராத்தா மறுபடியும் புத்தகத்தை விரித்திருந்தார். “இனி எதுக்கு மகள்?” என்று உம்மா கேட்டார். “இடம் கெடச்சாலும் இதைத்தானே உம்மா படிக்கணும்” என்றார் ராத்தா.

சில மாதங்களின் பின் அந்த ஆண்டுக்குரிய வெட்டுப்புள்ளி வெளியானது. எங்கள் மாவட்டத்துக்கு அது உயர்ந்திருந்தது. ராத்தாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இரண்டாம் தடவைக்கான படிப்பில் ராத்தா ஏற்கனவே பாதித் தூரம் வந்திருந்தார்.

இரவு வாப்பா அந்தத் தாளைக் கழற்றினார். புதிய வெட்டுப்புள்ளியை எழுதி ஒட்டவில்லை. அதுவும் நகரும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

சுடுகளத்தில் இலக்கின் வேகம் முன்கூட்டியே தெரியும். எவ்வளவு முன்னே குறிபார்ப்பது என்று கணக்கிடலாம். நமது பரீட்சையில் அந்த வேகம் எவருக்கும் தெரியாது. போன வருடம் எவ்வளவு என்று பெற்றோர் கேட்பது அன்பினால்தான். ஆனால் அது இலக்கு இருந்த இடம். எந்தப் பாடப்பகுதியில் புள்ளி நழுவுகிறது என்று பிள்ளையோடு அமர்ந்து பார்ப்பதே பயன்தரும். இரண்டாம் தடவை வாப்பா அதைத்தான் செய்தார்.

ராத்தா எழுதி முடித்துவிட்டார். வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறோம். அடுத்த வருடம் கணிதப் பிரிவில் என்னுடைய முறை. என் மேசைக்கு மேலே நேரசூசி மட்டுமே இருக்கிறது.