அழிப்பதற்கு முன்

எழுதக் கற்ற மனிதன் அழிக்கவும் கற்றாக வேண்டும். கண்டிச் சீமையிலே தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழிக்க வழியில்லை. வேண்டாவிடின் ஏட்டையே களைதல் வேண்டும். இன்றைய எஸ்.எஸ்.டி. எனும் திண்மநிலைச் சேமிப்பகமோ பன்முறை எழுதி அழித்தற்குரியது. ஆயினும் அதனை முறையாக அழித்தல் எளிதன்று.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியொன்றில் வாழ்ந்த ஆய்வு மாணவியொருத்தி இதனை அனுபவத்தால் அறிந்தாள். படிப்பு முடிந்ததும், தன் தோட்டத்திலிருந்து புதிதாக வந்த தங்கையொருத்திக்குத் தன் மடிக்கணினியைக் கொடுக்க எண்ணினாள். அதனுள்ளே கலஹா, ஹந்தானைப் பகுதி லயங்களில் அவள் பதிவு செய்த குரல்கள் இருந்தன. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளை நம்பிச் சொன்ன மனக்குறைகள் ஒருபுறம். மறைந்த அம்மாயி பாடிய ஒப்பாரி மறுபுறம். முன்னவை பிறர் செவிக்கு எட்டலாகாது, பின்னது அழிந்துபோகலாகாது.

விரைவு போர்மட் செய்தாற் போதுமென்றனர் தோழியர். அது நூலகத்தின் அட்டவணையை மட்டும் அகற்றுவது போன்றது. நூல்கள் தட்டிலேயே எஞ்சக்கூடும். 1980களில் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இச்சேமிப்பகத்தின் அடிப்படை. எழுதி அழிக்குந்தோறும் அதன் கலங்கள் தேய்கின்றன. ஆதலால் உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, தேய்வு ஓரிடத்தில் மிகாதவாறு எழுத்தை வெவ்வேறு கலங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. மேலெழுதினாலும் பழைய எழுத்து வேறொரு கலத்தில் மறைந்து கிடக்கலாம். அதேவேளை, ட்ரிம் என்னும் கட்டளை சென்றுவிட்டால் நீக்கிய கோப்பை மீட்டலும் அரிது. மறைக்க விழைபவருக்கும் உறுதியில்லை. மீட்க விழைபவருக்கும் உறுதியில்லை.

இதற்கு உற்ற வழி, சேமிப்பகத்துக்கென அமைந்த பாதுகாப்பு அழிப்புக் கட்டளையே. அது கட்டுப்படுத்தியின் வாயிலாகவே எல்லாக் கலங்களையும் வெறுமையாக்கும். இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் சொந்த வட்டை இவ்வாறு அழிக்கவியலாது. கணினியின் தொடக்க அமைப்புப் பக்கத்திலிருந்தோ, வெளியிலிருந்து இயக்கும் கருவி கொண்டோ செய்தல் வேண்டும். வட்டின் பெயரையும் கொள்ளளவையும் ஒப்புநோக்கி, பிற வட்டுகளைக் கழற்றி, மின்னிணைப்பை உறுதிசெய்த பின்னரே தொடங்கல் தகும்.

அவள் யாவற்றையும் கடவுச்சொல்லிட்ட வெளிவட்டொன்றில் நகலெடுத்திருந்தாள். ஆணையிடுமுன், ஏதோ ஐயத்தால், நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். அம்மாயியின் ஒப்பாரி மட்டும் திறக்கவில்லை. நகல் இடையில் அறுந்திருந்தது. மூலம் இன்னும் கணினியில் இருந்தது. மீண்டும் நகலெடுத்து, இரண்டு இடங்களில் வைத்து, இறுதிவரை கேட்டாள்.

ஹந்தானை மலையில் மூடுபனி விலகுமுன் அழிப்பு நிறைவுற்றது. காலையில் அக்கணினி புதியவளின் கையிற் சேர்ந்தது. அதில் எவருடைய குரலும் இல்லை.