கவுன்ட்டருக்குப் பின்னால்

"ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு போடணும்" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். 2025இலேயே அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

இன்று ஒரு பெரியவர், கையில் வக்கீல் நோட்டீஸ். கவுன்ட்டரில் இருந்த புதுப் பெண் "அதெல்லாம் இப்ப இல்ல சார்" என்றுவிட்டாள். தப்பில்லை. ஆனால் அவர் முகம் விழுந்துவிட்டது.

எழுந்து போனேன். (சூப்பர்வைசர் ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார்கள். மணி 11கூட ஆகவில்லை, இது மூன்றாவது தடவை.) "ஐயா, பேர்தான் மாறியிருக்கு. அவங்க கையெழுத்து போட்டு வாங்கினதுக்கு அத்தாட்சி வேணும், அவ்வளவுதானே? கிடைக்கும்."

உறையைப் பார்த்தால் பின்கோடில் ஐந்தே இலக்கம். வீட்டுக்குப் போன் போட்டு ஆறாவதைக் கேட்டு எழுதினார்.

ரசீதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.