ரிச்சி தெருவில் ஒரு மதிப்பீடு

சென்னை ரிச்சி தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன சர்வீஸ் கடை. மேசைக்கு அந்தப் பக்கம் கையில் ஸ்குரூ டிரைவரோடு ஓர் இளைஞன். இந்தப் பக்கம் ஓர் அம்மாவும் மகளும். துணிப்பையிலிருந்து லேப்டாப் வெளியே வருகிறது. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னம்.

"பெரியவன் பிளஸ் டூ படிக்கிறப்ப கவர்மென்ட்ல குடுத்தது தம்பி. 2017. இவ இப்ப பி.காம். சேர்ந்திருக்கா."

"ஸ்லோவா இருக்கா?"

"ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வரலாம்ணா" என்கிறாள் மகள்.

அவன் சிரிக்கவில்லை. மூடியை மெல்லத் திறக்கிறான். இடது கீல் முனகுகிறது. அங்கே விரலை வைத்து அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறான். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாகத் தட்டுகிறான். எல்லா எழுத்துகளும் விழுகின்றன. "கீபோர்டு சூப்பர்." திரையைச் சற்றுச் சாய்க்கிறான், நிறம் வெளுக்கிறது. "நேரா உட்கார்ந்து பார்த்தா போதும்."

கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. பேட்டரியின் ஜாதகம் வருகிறது: புதிதில் 41 வாட்-அவர், இப்போது 9. அடுத்து டாஸ்க் மேனேஜர். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம், இறங்காமல் நிற்கிறது. அதைப் பேனாவால் தொட்டுக் காட்டுகிறான். "மெஷின் தப்பில்ல. இந்தச் சுத்துற ஹார்ட் டிஸ்க்தான் இழுக்குது."

அடிமூடி கழல்கிறது. விசிறியைச் சுற்றிப் பஞ்சுபோலத் தூசி. பக்கத்தில் காலியாக ஒரு ராம் ஸ்லாட். அவன் முகம் தெளிகிறது. "நாலு ஜிபி இருக்கு, இன்னொரு நாலு போடலாம். எஸ்எஸ்டி மாத்தினா அரை நிமிஷத்துல ஆன் ஆயிடும்."

"இதக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தா?"

அவன் விரல் கோபுரச் சின்னத்துக்குப் போகிறது. "இத எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டாங்கக்கா." பிறகு அலமாரியில் இருக்கும் மெலிந்த புது லேப்டாப்பைக் காட்டுகிறான். "இந்த விலையில வர்ற பலதுல ராமை போர்டோடயே ஒட்டிடறாங்க. பின்னால ஏத்த முடியாது."

"விண்டோஸ் 11 ஏறுமாண்ணா?"

"ஏறாது. பழைய ப்ராசசர். 10-க்கு வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க. லினக்ஸ் போட்டுத் தரவா? பஞ்சு மாதிரி லேசா ஓடும்."

"டேலி வேணும்ணா. எஜுகேஷன் மோடுதான்."

கை நிற்கிறது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும். "அப்ப 10-லயே இருக்கட்டும். டேலி, எக்செல் போடு. பேங்க் வேலை மட்டும் இதுல வேணாம்."

அம்மா இதுவரை கேட்டதையெல்லாம் ஒரே கேள்வியில் மடிக்கிறாள். "மூணு வருஷம் ஓடுமா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. போர்டை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறான். துரு இல்லை, தண்ணீர்க் கறை இல்லை. "போர்டு சுத்தமா இருக்கு. கீல்தான் சந்தேகம். மூலையப் புடிச்சுத் தூக்காத, நடுவுல புடிச்சுத் திற." பின்பாதி மகளுக்கு.

பில் புத்தகத்தில் எழுதுகிறான்: எஸ்எஸ்டி, ராம், பேஸ்ட், கிளீனிங், பேட்டரி. அம்மா தலைகீழாகவே படித்துவிடுகிறாள்.

"பேட்டரி எதுக்கு? வீட்ல பிளக் பக்கத்துலதானே உட்கார்றா."

"காலேஜுக்கு எடுத்துட்டுப் போனா?" என்கிறாள் மகள்.

"அவ்ளோ பீஸ் வாங்கறானே, காலேஜ்ல பிளக் இருக்காதா?"

இளைஞன் முதல் முறையாகச் சிரிக்கிறான். கடைசி வரியை அடித்துவிட்டுக் கூட்டலைத் திரும்பப் போடுகிறான்.