கிளட்ச் அமுக்கினா திரும்பி வரணும்ல?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லைங்க. பி.காம் மூணாவது வருஷம். எது டெபிட், எது கிரெடிட்னு கேட்டா சொல்லுவேன். ஸ்பேனர் பிடிச்சது இதுதான் முதல் தடவை. அதனால படிச்சுட்டு உங்க வண்டியைக் கழட்டி, மறுபடி மாட்டத் தெரியாம முழிச்சா கம்பெனி பொறுப்பல்ல :-)

எங்க அப்பாகிட்ட ஒரு டீசல் கார் இருக்கு. டாக்ஸி போர்டு. பத்து வருஷத்துக்கு மேல ஓடுது. என் ஃபீஸ், தம்பி ட்யூஷன், மளிகைக் கணக்கு எல்லாம் அந்த நாலு சக்கரத்து மேலதான் உட்கார்ந்திருக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசல்ல நிறுத்தறப்போ ரிவர்ஸ் போட்டாரு பாருங்க, 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சு ஓடிருச்சு.

அப்பாவோட இருபது வருஷப் பழக்கத்துல ஒரு மெக்கானிக் இருக்காரு. வந்தாரு, பெடலை ரெண்டு தடவை மிதிச்சாரு. "பிளேட் போச்சுண்ணா. கியர்பாக்ஸ் இறக்கணும். செட்டா மாத்திரலாம், கூலியோட 18 ஆயிரம் ஆகும். ஆனா வியாழக்கிழமைதான் முடியும்." புதன்கிழமை பழனிக்கு ஒரு சவாரி பேசி, அட்வான்ஸ் வாங்கி, அது அரிசி மூட்டையாவும் மாறிருச்சு. என் செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசி நாள் அடுத்த திங்கள். அப்பா ஒண்ணும் பேசலை. வாசப்படியில உட்கார்ந்து துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

ராத்திரி கேட்டேன். "ஏப்பா, மேட்டுல ஏத்தறப்போ எஞ்சின் சும்மா உறுமிட்டு வண்டி நகராம நிக்குதா?"

"இல்ல கண்ணு. இழுவையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கிளட்சைத்தான் ரெண்டு மூணு வாட்டி அமுக்கி அமுக்கி கியர் போட வேண்டியிருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒரு மூணு வாரமா..."

மூணு வாரம்! ட்ராஃபிக்ல ஒவ்வொரு கியருக்கும் மூணு மிதி. சாயங்காலம் ஆனா முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டாரே, அது வயசுன்னு நாங்க நினைச்சுட்டோம். ஃபீஸ் கட்டற வரைக்கும் ஓட்டிரலாம்னு மனுஷன் வாயைத் திறக்கலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிளட்ச் பிளேட் தேய்ஞ்சா பிடிப்பு குறையும். எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. எங்க பிரச்சினை நேர் எதிர்: பிடிச்சதை விட மாட்டேங்குது. கிளட்ச் முழுசா விலகாததாலதான் கியர் 'கர்ர்'ருங்குது. பிளேட், பிரஷர் பிளேட் கோளாறுலயும் இப்படி ஆகலாம். ஆனா நாலு வாட்டி மிதிச்சா சரியாகுதுன்னா சந்தேகம் முதல்ல ஆயில் பக்கம்தான் போகணும். தேய்ஞ்ச இரும்பு மிதிக்க மிதிக்க வளராது இல்லீங்களா!

பழைய வண்டிகள்ல கிளட்சுக்குக் கேபிள் இருக்கும். எங்களுது ஹைட்ராலிக். பெடலை மிதிச்சா ஒரு கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கற பிஸ்டனைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய்ல இருக்கற பிரேக் ஆயில் வழியா கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். அது ஒரு ஃபோர்க்கைத் தள்ள, பேரிங் நகர, பிளேட் விடுபடும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்த பாஸ்கல் விதிதான், வேற ஒண்ணுமில்லை. திரவத்தை அமுக்கிக் குறுக்க முடியாது, காத்தைக் குறுக்கலாம். அதனால குழாய்க்குள்ள கொஞ்சம் காத்து புகுந்தாலும் நம்ம மிதி அந்தக் காத்தை நசுக்கறதுலயே செலவாயிரும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்தேன். எங்க வண்டியில பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அளவு சரியா இருந்துச்சு, ஆனா நிறம் டிக்காஷன். டார்ச் அடிச்சு பெடலுக்குப் பின்னாடி தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தேன், அதுவும் காய்ஞ்சு கிடந்துச்சு. அப்போ காத்துதான்னு தீர்ப்பு எழுதிட்டேன். (அவசரம். ஏன்னு கீழே வருது.)

காத்து எடுக்க ரெண்டு பேர் வேணும். தம்பி ட்யூஷன் போயிட்டான். அம்மாவைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்துல அம்மா டிரைவர் சீட்ல உட்கார்ந்தது அன்னைக்குத்தான். செருப்பைக் கழட்டி வெளியே விட்டுட்டு ஏறுனாங்க!

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டினா ஸ்லேவ் சிலிண்டரோட நிப்பிள் மேல இருந்தே கைக்கு எட்டுச்சு. வண்டிக்கு அடியில போக வேண்டியதில்லை. உங்க வண்டியில அடியில போகணும்னா வெறும் ஜாக்கியை நம்பித் தலையை விட்றாதீங்க, தாங்கி வைக்காம போகவே கூடாது. மீன் தொட்டிக்குப் போடற ட்யூப்பை நிப்பிள்ல மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டிலுக்குள்ள முக்கி வைச்சேன்.

"அமுக்கும்மா."

"அமுக்கிட்டேன்."

நிப்பிளைக் கொஞ்சம் திறந்தா கருப்பு ஆயிலும் முட்டையுமா வரும். மூடிட்டு, "விடும்மா". பெடல் தானா மேல வராது, அம்மா கால் விரலால அதைத் தூக்கி விடணும். மூடறதுக்கு முன்னாடி விட்டுட்டா காத்து உள்ளே திரும்பிரும். ரெண்டு தடவை அப்படி ஆச்சு, அவ்வ்வ். நடுநடுவே டப்பாவுல ஆயில் குறையாம ஊத்திக்கிட்டே இருந்தேன்.

ஆயில் விஷயத்துல மட்டும் விளையாட வேண்டாம். மூடி மேல என்ன போட்டிருக்கோ அதேதான். எங்களுக்கு டாட் 4. இருக்கறதே போதும்னு எஞ்சின் ஆயிலை ஊத்தினா உள்ளே இருக்கற ரப்பரெல்லாம் உப்பி வீணாயிரும். இது காத்துல இருக்கற ஈரத்தையும் உறிஞ்சும். திறந்து ரொம்ப நாள் கிடந்த பாட்டிலை ஊத்தாதீங்க. பெயின்ட்ல பட்டா பெயின்ட் உரியும், கண்ணுல பட்டா கேட்கவே வேண்டாம்.

அரை மணி நேரத்துல பெடல் கெட்டியாச்சு. கோயில்ல இருந்து வந்த அப்பா, அம்மாவை டிரைவர் சீட்ல பார்த்துட்டு கேட்டுலயே நின்னுட்டாரு. அப்புறம் ஏறி ரிவர்ஸ் போட்டாரு. சத்தமே இல்லை. எனக்குத் தலை கால் புரியலை.

திங்கக்கிழமை காலையில பெடல் மறுபடியும் தொளதொள.

அப்பா ஒண்ணும் சொல்லலை. போனை எடுத்து மெக்கானிக் நம்பரைத் தேடினாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அளவு குறையலை, வெளியே ஒரு சொட்டு இல்லை, ஆனா அழுத்தம் மட்டும் காணோம். யோசிச்சா, இது நம்ம பாடத்துல வர்ற கேஸாச்சே! கல்லாப்பெட்டிப் பணம் கடையை விட்டு வெளியே போகலை, ஆனா கணக்கு உதைக்குது. அப்போ உள்ளுக்குள்ளேயே கை மாறுது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனோட ரப்பர் தேய்ஞ்சிருந்தா, மிதிக்கறப்போ ஆயில் குழாய்க்குப் போகாம அதைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிரும். அந்தக் கருப்பு நிறமும் தேய்ஞ்ச ரப்பரா இருக்கலாம். நேத்தே யோசிச்சிருக்கணும்.

"ஒரே ஒரு சோதனைப்பா, அப்புறம் போன் பண்ணுங்க." காலி மைதானத்துல வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, முதல் கியர்ல, கிளட்சை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இன்னொரு கால் பிரேக் மேல தயாரா. முன்னாடி யாரும் நிக்கக் கூடாது. பத்து செகண்ட், இருபது செகண்ட்... காலை எடுக்காமலே வண்டி மெதுவா ஊர ஆரம்பிச்சுது. அப்பா பிரேக்கை மிதிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு.

புது மாஸ்டர் சிலிண்டர் 1,650 ரூபா. செவ்வாய்க்கிழமை மாட்டினோம். பெடலுக்கு அடியில தலைகீழாப் படுத்துக்கிட்டு ரெண்டு நட்டு கழட்ட ஒன்றரை மணி நேரம்! அதை அப்பாதான் பண்ணாரு, நான் டார்ச். மாட்டறதுக்கு முன்னாடியே சிலிண்டர்ல ஆயில் ஊத்தி, முட்டை நிக்கற வரைக்கும் கையால தள்ளிக்கிட்டோம். கடைசியில பெடல்ல கொஞ்சம் ஃப்ரீ பிளே இருக்கான்னும் பார்த்துக்கிட்டோம். இல்லைன்னா பிஸ்டன் முழுசாப் பின்னாடி வராது. அப்புறம் மறுபடியும் அம்மா, மறுபடியும் "அமுக்கும்மா". இந்தத் தடவை செருப்போட ஏறுனாங்க.

எல்லா வண்டியிலயும் இப்படித் தப்பிக்க முடியாது. சில மாடல்ல ஸ்லேவ் சிலிண்டரே கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ள இருக்கும். அது கசிஞ்சா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், மெக்கானிக் சொல்ற ரேட்டு நியாயம்தான். எங்க மெக்கானிக்கும் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். பெடலை ரெண்டு தடவை மிதிச்சதோட நிறுத்திட்டாரு, அவ்வளவுதான்.

புதன்கிழமை விடியக்காலம் நாலரை மணிக்கு வண்டி கிளம்புச்சு. ராத்திரி பத்துக்குத் திரும்பி வந்தப்போ வாசல்ல ரிவர்ஸ் எடுத்தாரு. பக்கத்து வீட்டு நாய் எந்திரிக்கவே இல்லை. சாப்பிட்டுட்டு அப்பா தைலம் எங்கேன்னு கேட்டாரு. "இன்னுமா வலிக்குது?"ன்னேன். "இது நேத்து தலைகீழாப் படுத்த கழுத்து வலி கண்ணு"ன்னாரு.